பைன் மரத்தடியில் ஓர் இரவு

கேள்வி: என் கணவரும் கல்லூரியில் படிக்கும் மகனும் கொடைக்கானல் மலையில் பைன் மரங்களுக்கு நடுவே கூடாரம் அடித்துத் தங்க வேண்டும் என்கிறார்கள். மின்சாரம், குழாய், கழிப்பறை எதுவும் இல்லாத இடமாம். குளிருமே, அவசரத்துக்கு எங்கே போவது என்று கேட்டால் இருவரும் சிரிக்கிறார்கள். நீங்கள் இப்படித் தங்கியதுண்டா?
வாசகி, திருநகர், மதுரை.

பதில்: சிரிக்கட்டும் சகோதரி, இரவு இரண்டு மணிக்குச் சிரிப்பு நின்றுவிடும். என்னுடையது அப்படித்தான் நின்றது.

ஒரு ஜனவரியில், ஆரப்பாளையத்தில் ஒற்றை ஸ்வெட்டரோடு பஸ் ஏறியவன் நான். மதுரைக்காரனுக்குக் குளிர் என்றால் மார்கழி விடியலில் காதை மூடி மஃப்ளர் கட்டுவது. அதற்கு மேல் கற்பனை ஓடாது. ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் 6 டிகிரி குறையும். கொடைக்கானல் இருப்பது ஏறக்குறைய 2,100 மீட்டரில். இந்தக் கணக்கை வீட்டிலேயே போட்டிருக்கலாம்.

நள்ளிரவில் முதுகு மட்டும் பனிக்கட்டியில் கிடப்பதுபோல் வலித்தது. மேலே இரண்டு கம்பளி, கீழே ஒரு படுக்கை விரிப்பு. யோசித்துவிட்டு, மேலே இருந்த கம்பளி ஒன்றை நான்காக மடித்துக் கீழே போட்டேன். பத்து நிமிடத்தில் தூக்கம் வந்தது. நம் சூட்டைத் திருடுவதில் காற்றைவிடத் தரை கெட்டிக்காரத் திருடன். ஆகவே தடித்த நுரைப்பாய் ஆளுக்கு ஒன்று. அது இல்லாமல் அனுப்பாதீர்கள்.

இடத்தைப் பற்றியும் கேளுங்கள். வனத்துறைக்குச் சொந்தமான காட்டில் நினைத்த இடத்தில் கூடாரம் அடிக்க முடியாது. மன்னவனூர்ப் பக்கம் பட்டா நிலங்களில் தங்க இடம் தருகிறார்கள். அங்கும் முறையான அனுமதி உண்டா என்று கேட்ட பிறகே முன்பணம் கொடுக்க வேண்டும். சொந்த வண்டி என்றால் இ-பாஸ் எடுக்க வேண்டும்.

நெருப்பு விஷயத்தில் நான் கண்டிப்பானவன். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் பிடித்த காட்டுத் தீ 23 பேரைக் கொண்டுபோனது. அங்கே எரிந்தது காய்ந்த புல். பைன் சருகு அதற்கு இளைத்ததல்ல. பிசின் ஏறிய ஊசி இலை, லேசில் மட்காது, கணுக்கால் புதையும் அளவுக்குக் கிடக்கும். உட்கார்ந்தால் மெத்தை, ஒரு பீடித் துண்டு விழுந்தால் பந்தம். இட உரிமையாளர் காட்டும் குழியைத் தவிர வேறெங்கும் தீ மூட்ட வேண்டாம். குளிருக்காகக் கரி அடுப்பைக் கூடாரத்துக்குள் வைப்பது தற்கொலைக்குச் சமம். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூங்குகிறவர் எழுந்திருக்க மாட்டார்.

அடுத்து, அவர்கள் சிரித்த கேள்வி. ஒரு களைக்கொத்து எடுத்துப்போகச் சொல்லுங்கள். ஓடையிலிருந்தும் கூடாரத்திலிருந்தும் எண்பது தப்படி தள்ளி, ஒரு சாண் ஆழத்தில் குழி, பிறகு மண் போட்டு மூட வேண்டும். இருட்டில் போகும்போது டார்ச் வேண்டும். காட்டுமாடு மேயும் பகுதி அது. கண்டால் படம் எடுக்கக் கிட்டப் போகாமல் பின்வாங்க வேண்டும்.

இவ்வளவு பயமுறுத்திவிட்டு ஒன்றைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. அந்த இரவில் வைகையில் தண்ணீர் திறந்துவிட்டாற்போல ஓர் இரைச்சல் கேட்டு எழுந்தேன். வெளியே கை நீட்டினால் ஒரு பொட்டு ஈரமில்லை. காற்றுதான், ஊசி இலைகளுக்குள் புகுந்து வந்துகொண்டிருந்தது. விடியும்வரை உட்கார்ந்து கேட்டேன். நீங்களும் போங்கள். தடித்த கம்பளியை முதலில் நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: போன டிசம்பரில் கொடைக்கானல் மேல்மலையில் கூடாரத்தில் தங்கினோம். மழையே பெய்யவில்லை, ஆனால் விடியற்காலையில் கூடாரத்தின் உட்புறமெல்லாம் நீர்த்துளி. ஓட்டைக் கூடாரத்தை வாடகைக்குக் கொடுத்து ஏமாற்றிவிட்டார்களா?
வாசகர், மேலூர்.

பதில்: இல்லை ஐயா, அது நீங்கள் விட்ட மூச்சு. உள்ளே படுத்தவர்களின் மூச்சிலுள்ள ஈரம் குளிர்ந்த துணியில் பட்டுத் துளியாகிறது. குளிருக்குப் பயந்து ஜிப்பை முழுக்க இழுத்து மூடியிருப்பீர்கள். மேல்பக்கம் நான்கு விரல் இடைவெளி விட்டிருந்தால் பாதி குறைந்திருக்கும். வாடகைக்குக் கொடுத்தவரிடம் சண்டை போட்டுவிட்டீர்களா என்பதைத்தான் நீங்கள் எழுதவில்லை.