மாட்டுக்கு ஊசி போட்டால் குரங்குக் காய்ச்சல் வராதா?

கேள்வி: சேரம்பாடி பக்கம் காட்டோரத்தில் இருக்கிறோம். நாலு மாடு, காது, மடி எல்லாம் உண்ணி. போன வாரம் புல் அறுக்கும் வழியில் ஒரு குரங்கு செத்துக் கிடந்தது. வயநாட்டுக் குரங்குக் காய்ச்சல் இங்கேயும் வருமோ என்று பயம். வீடு தேடி வந்த ஒருவர், மாட்டுக்கு ஒரு ஊசி போட்டால் போதும் என்கிறார். போடலாமா?

பதில்: வேண்டாம். குரங்குக் காய்ச்சல் என்பது உண்ணி கடித்துக் குரங்குக்கும் மனிதருக்கும் வரும் வைரஸ் நோய். மாட்டின் மேல் கொட்டைமுத்து மாதிரி தொங்குகிறதே, அது ரத்தம் குடித்து ஊதிய பெரிய உண்ணி. மனிதருக்கு இந்தக் காய்ச்சலைத் தருவது பெரும்பாலும் காட்டுச் சருகில் இருக்கும் எள்ளளவு உண்ணிக்குஞ்சு. மாட்டுக்குப் போடும் ஊசி அதை எட்டாது.

அவர் கையில் இருப்பது அநேகமாக ஐவர்மெக்டின் என்ற புழு, உண்ணி மருந்தாக இருக்கும். கறவை மாட்டுக்குப் போட்டால் அந்த மருந்து பல நாள் பாலில் இறங்கும். அந்தப் பாலைத்தான் உங்கள் பிள்ளையும் குடிக்கும், சொசைட்டியிலும் ஊற்றுவீர்கள். இதையெல்லாம் சொல்லாமல் காசு வாங்கிக்கொண்டு போகிறவர்களை ஊருக்குள்ளேயே விடாதீர்கள்.

உண்ணிக்கு டெல்டாமெத்ரின் 1.25 சதவீத மருந்து போதும். லிட்டர் தண்ணீருக்கு 2 மில்லி. இரட்டிப்பாகக் கலந்தால் விஷம்தான் கூடும். காதுக்குள், தாடைத் தொங்கல், தொடையிடுக்கு, வால் அடி நனைய வேண்டும். கண், வாயில் படக்கூடாது. தீவனத் தொட்டியை மூடிவிட்டு, கையுறை போட்டு, மழையில்லாத நாளில் அடியுங்கள். பால் கறக்கும் முன் மடியைக் கழுவுங்கள். தொழுவச் சுவர் வெடிப்பிலும் அடிக்காவிட்டால் இரண்டே வாரத்தில் பழைய கதைதான். கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962-க்குச் சொல்லியும் மாட்டைக் காட்டலாம்.

இனி அந்தக் குரங்கு. உடல் குளிர்ந்ததும் அதன் மேலிருந்த உண்ணி இறங்கிச் சுற்றிலும் பரவும். அதனால் அந்த இடத்தைச் சுற்றி 50 மீட்டருக்குள் ஆளோ மாடோ போக வேண்டாம். வனச்சரக அலுவலகத்தில் இன்றே சொல்லுங்கள். உடல் அழுகிப்போயிருந்தாலும், அங்கே வெள்ளை ஃபிளானல் துணியைச் சருகின் மேல் இழுத்து, ஒட்டும் உண்ணிக்குஞ்சுகளை எடுத்துப் பரிசோதிக்க அதிகாரிகளால் முடியும். இதுதான் கண்காணிப்பு. ஆனால் வனத்துறை கால்நடைத்துறையைக் கைகாட்டும், அவர்கள் சுகாதாரத்துறையைக் கைகாட்டுவார்கள். அதற்குள் ஒரு வாரம் ஓடிவிடும். 2015-ல் வயநாட்டில் இந்த நோய் பரவியது. நோய்க்கு மாநில எல்லைக்கோடு தெரியாது. சோதனைச்சாவடியைத் தாண்டித் தகவல் போவதற்கு மட்டும் இன்னும் கடிதம் வேண்டியிருக்கிறது. ஆகவே சொன்ன தேதியையும் யாரிடம் சொன்னீர்கள் என்பதையும் எழுதி வையுங்கள்.

டிசம்பர் முதல் மே வரை காட்டுக்குள் போனால் முழுக்கை சட்டை, பேண்ட்டைச் சாக்ஸுக்குள் விட்டுக் கட்டுங்கள். வந்ததும் துணியை வெந்நீரில் போட்டு, சோப்புப் போட்டுக் குளியுங்கள். உண்ணி ஒட்டியிருந்தால் மெல்லிய இடுக்கியால் தோலுக்கு மிக அருகில் உண்ணியைப் பிடித்து நேராக இழுங்கள். மண்ணெண்ணெய், தீக்குச்சி எதுவும் வேண்டாம்.

கடித்து 3 முதல் 8 நாளில் திடீர்க் காய்ச்சல், நெற்றி வலி, உடம்பை முறிக்கும் வலி வந்தால் அரசு மருத்துவமனைக்குப் போய், காட்டுக்குப் போனதையும் குரங்கு செத்ததையும் முதல் வார்த்தையிலேயே சொல்லுங்கள். முதல் வாரத்தில் ரத்தத்தை ஆர்டி-பிசிஆர் என்ற வைரஸ் சோதனை செய்தால்தான் தெரியும். டெங்கு அட்டை, டைஃபாய்டுக்கான வைடால் சோதனை என்று பேக்கேஜ் விற்கும் லேப் ஏஜெண்டிடம் நாளைக் கடத்தாதீர்கள். மருந்துக்கடையில் போடும் டைக்ளோஃபெனாக் என்ற வலி ஊசியும் வேண்டாம். இந்த நோயில் ரத்தக்கசிவு வரலாம், அந்த ஊசி கசிவைக் கூட்டிவிடும்.

ஒரு விதிவிலக்கு, கவனமாகக் கேளுங்கள். அக்குள், தொடையிடுக்கு, இடுப்புப்பட்டி அடியில் சிகரெட் சுட்ட மாதிரி கறுத்த வடு, வலியில்லாமல் இருந்தால் அது ஸ்க்ரப் டைஃபஸ் என்ற வேறொரு காய்ச்சலாக இருக்கலாம். அதைத் தருவது உண்ணியல்ல, புதர்ப் பூச்சியின் குஞ்சு. குரங்குக் காய்ச்சலுக்குத் தனி மருந்து கிடையாது. ஸ்க்ரப் டைஃபஸுக்கு டாக்சிசைக்ளின் என்ற மருந்து உண்டு, பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கும். அந்த வடு பலருக்கு இருக்காது, இருந்தாலும் மறைவிடத்தில் இருப்பதால் நோயாளிக்கே தெரியாது. கூச்சப்படாமல் உடம்பு முழுக்கப் பார்க்கச் சொல்லுங்கள்.