மாதிரி மசோதாவில் கடமை யாருக்கு என்று எழுதுங்கள்

வணக்கம் அம்மா. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரைச் சேர்ந்த சாட்ஸ்வொர்த்தில் பதினோராம் வகுப்புப் படிக்கும் உங்கள் மகள், பள்ளிகளில் தமிழ் கற்பிப்பது குறித்து எழுதிய மாதிரி மசோதாவை, கட்டுரைபோல் இருக்கிறதென்று ஆசிரியர் திருப்பித் தந்ததாக எழுதியிருந்தீர்கள். மகள் எடுத்துக்கொண்ட பொருள் மிக நல்லது. ஆனால் "தமிழ் வளர்க்கப்பட வேண்டும்" என்ற வாக்கியத்தில் அதைச் செய்ய வேண்டியவர் யார் என்பதே இல்லை.

அதை, "இருபது பெற்றோர் எழுத்து மூலம் கேட்டுக்கொண்டால், பள்ளி நிர்வாகக் குழு அடுத்த கல்வியாண்டு தொடங்குவதற்குள் தமிழை ஒரு பாடமாக வழங்க ஏற்பாடு செய்ய வேண்டும்" என்று மாற்றச் சொல்லுங்கள். "பெற்றோர்" என்பதில் காப்பாளரும் அடங்குவாரா என்பதை வரையறைப் பிரிவிலேயே சொல்லிவிட வேண்டும். வகுப்பு விவாதத்தில் முதலில் கிளம்பக்கூடிய கேள்வி இதுதான்.

நம் தென்னாப்பிரிக்க அரசியலமைப்பின் 6ஆம் பிரிவு தமிழைப் பெயர் குறிப்பிட்டே சொல்கிறது என்பதை முகவுரையில் தாராளமாகச் சேர்க்கலாம். ஆனால் அதை ஆட்சிமொழி என்று எழுதிவிடக் கூடாது. பள்ளிக் கல்வி மாகாணங்களின் அதிகாரத்துக்கும் உட்பட்டது என்பதால், 76ஆம் பிரிவின்படி நாடாளுமன்றத்தின் மேலவையான மாகாணங்களின் தேசிய மன்றத்தில் ஒன்பதில் ஐந்து மாகாணங்களாவது ஆதரிக்க வேண்டும். நிதி ஒதுக்கும் பிரிவை மட்டும் தயவுசெய்து நீக்கிவிடுங்கள். நிதி ஒதுக்கும் மசோதா பண மசோதா ஆகிவிடும்; அதை நிதியமைச்சர் மட்டுமே கொண்டுவர முடியும்.