டெசார்க் தேற்றம் பொய்க்கும் தளம் உண்டா?

இரண்டு புள்ளிகள் வழியே ஒரே கோடு என்ற விதி இருந்தும் டெசார்க் தேற்றம் பொய்க்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். பொய்க்கும்.

இரு முக்கோணங்களின் ஒத்த முனைகளை இணைக்கும் கோடுகள் ஒரே புள்ளியில் சந்தித்தால், ஒத்த பக்கங்களை நீட்டி வெட்டும் மூன்று புள்ளிகளும் ஒரே கோட்டில் அமையும். தேற்றம் இதுதான்.

ஒகேனக்கல்லில் பரிசல்காரரின் துடுப்பைப் பாருங்கள். நீருக்குள் போன பாகம் மடங்கினாற்போல் தெரியும். தர்மபுரியில் என்னிடம் படிக்கும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது அதைத்தான். அதுபோலவே, 1902-ல் வானியலாளர் மோல்டன் அமைத்த தளத்தில், இடமிருந்து வலமாக இறங்கும் கோடுகள் மட்டும் நிலைக்குத்து அச்சைத் தாண்டியதும் இரட்டைச் சாய்வில் இறங்கும். மற்றவை நேராகவே போகும். இரு புள்ளிகளுக்கு ஒரே கோடு, இணைகோட்டு விதி (ஒரு கோட்டில் இல்லாத புள்ளி வழியே அதற்கு ஒரே ஓர் இணைகோடு), இரண்டும் அப்படியே நிற்கின்றன!

இனி டெசார்க் படத்தின் பத்துக் கோடுகளில் (முனைகளை இணைப்பவை மூன்று, பக்கங்கள் ஆறு, வெட்டும் புள்ளிகள் அமையும் கோடு ஒன்று) ஒன்று மட்டும் மடங்கும்படி வரையுங்கள். மூன்றாவது புள்ளி கோட்டை விட்டு விலகிவிடும்.