குறைமாதக் குழந்தைக்கு ரத்தக்கட்டி ஊசி: அளவு கூடுதலா?

கேள்வி: 29 வாரத்தில் பிறந்த என் மகள்வயிற்றுப் பேரன் கோயம்புத்தூரில் மருத்துவமனையில் இருக்கிறான். தொப்புள் வழியே போட்ட குழாயால் ரத்தம் கட்டிவிட்டதாம். ரத்தம் உறைவதைத் தடுக்கும் எனாக்ஸபாரின் ஊசியைக் கிலோவுக்கு 2 மில்லிகிராம் வீதம் இருவேளை போடுகிறார்கள். மாரடைப்பு வந்த என் கணவருக்கே கிலோவுக்கு 1 மில்லிகிராம்தான் போட்டார்கள். 1.2 கிலோப் பிள்ளைக்கு இது தாங்குமா? மூளையில் ரத்தம் கசியாதா?
– ஒரு வாசகி, வேலந்தாவளம்

பதில்: அம்மா, அளவில் தவறில்லை. ரத்தத்தில் இயல்பாக உள்ள ஆன்டித்ராம்பின் என்னும் புரதத்தின் துணையோடுதான் இம்மருந்து வேலை செய்கிறது. குறைமாதப் பிள்ளைகளிடம் அப்புரதம் குறைவு, மருந்தும் உடலிலிருந்து விரைவில் வெளியேறிவிடும். எனவே எடைக்கணக்கில் பெரியவர்களைவிடக் கூடுதலாகத் தொடங்கி, ஊசி போட்ட 4 முதல் 6 மணி நேரத்துக்குள் ரத்தம் எடுத்து, மருந்து எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் ‘ஆன்டி டென் ஏ’ அளவு 0.5க்கும் 1க்கும் இடையில் நிற்குமாறு திருத்திக்கொள்வார்கள்.

கசிவைப் பற்றிய தங்கள் அச்சம் நியாயமானதே. 32 வாரத்துக்கு முன் பிறந்தவர்களுக்கு மூளையின் நீரறைகளை ஒட்டிய நுண்குழாய்கள் மிக மெல்லியவை. அங்கே கசிவு பெரும்பாலும் முதல் 3 நாட்களுக்குள், இந்த மருந்தே போடாத பிள்ளைகளுக்கும் நேர்வதுண்டு. ஆகவே தலை ஸ்கேனும் தட்டணு (பிளேட்லெட்) எண்ணிக்கையும் பார்த்தார்களா என்று கேளுங்கள். ஆபத்தில்லாத சிறிய கட்டியாக இருந்தால் ஊசியின்றி ஸ்கேன் மூலம் கண்காணிப்பதும் ஏற்கப்பட்ட வழியே. அதைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

நான் அதிகம் அஞ்சுவது அளந்தெடுப்பதைத்தான். பெரியவர்களுக்கான ஊசியில் 1 மில்லியில் 100 மில்லிகிராம் இருக்கிறது. தங்கள் பேரனுக்குரிய 2.4 மில்லிகிராம் அதில் 0.024 மில்லி, 1 மில்லி சிரிஞ்சின் இரண்டு கோடுகளுக்குச் சற்றே மேல். அதனால்தான் மருந்தை நீர்த்து எடுக்கிறார்கள். வீட்டில் தொடர நேர்ந்தால், எவ்வளவு நீர்த்தது, எத்தனை மில்லிகிராம், எத்தனை மில்லி என்ற மூன்றையும் எழுதி வாங்குங்கள். ‘யூனிட்’ கணக்கில் மட்டும் சொன்னால் ஏற்காதீர்கள். நம் கடைகளில் மில்லிக்கு 40 யூனிட், 100 யூனிட் என இருவகை இன்சுலின் சிரிஞ்சுகள் இருப்பதால் அளவு மாறிவிடும்.

பிள்ளை சோர்ந்து கிடந்தாலும், உச்சிக்குழி புடைத்தாலும், வலிப்பு வந்தாலும், மலத்தில் ரத்தம் தெரிந்தாலும் அடுத்த ஊசியைப் போடாமல் உடனே மருத்துவமனைக்கு விரையுங்கள். பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் தடுப்பூசிக்குக் கொண்டுசெல்லும்போது, கோவையில் தந்த டிஸ்சார்ஜ் சீட்டை முதலில் காட்டுங்கள். இம்மருந்து நடக்கும் காலத்தில் தசையில் போடும் ஊசிக்கு முன் மருத்துவர் யோசிக்க வேண்டும்.