முகவீணை ஊதும் பார்டும் 2024 விதிகளும்

அன்புள்ள ஐயா,

காட்பாடியில் ஞாயிறுதோறும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, பாத்திரமேற்றுப் பகடை உருட்டும் விளையாட்டை ஆடுகிறோம். 2014 விதிகளை விட்டு 2024-க்கு மாறினோம். என் பார்ட் (இசையால் மந்திரம் போடும் பாத்திரம்) வடாற்காட்டுக் கூத்துக்காரர், முகவீணை என்ற சிறு ஊதுகருவி வாசிப்பவர். மூன்றாம் லெவல், கரிஸ்மா (ஆளுமைக் கவர்ச்சி) +3. ஓய்வில் இசையால் ஆற்றும் சாங் ஆஃப் ரெஸ்ட் திறன் போய்விட்டதே, பார்டைக் குறைத்துவிட்டார்களா? ஸ்பெல் எனும் மந்திரங்களைத் தினமும் காலையில் மாற்றலாமா? வாயில் முகவீணையோடு ஹீலிங் வேர்ட் என்ற ஆற்றும் ஸ்பெல்லைப் போட முடியுமா?

இப்படிக்கு,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

குறைக்கவில்லை. ஓய்வில் நடந்த ஆற்றுதலைச் சண்டைக்குள் கொண்டுவந்திருக்கிறார்கள். சாங் ஆஃப் ரெஸ்ட், ஷார்ட் ரெஸ்ட் என்ற சிறு ஓய்வில் ஹிட் டைஸ் (ஹிட் பாயின்ட் எனும் உயிர்ப்புள்ளிகளை மீட்கும் பகடைகள்) செலவழித்தவர்களுக்கு ஆளுக்கொரு ஆறுமுகப் பகடை கூடுதலாகத் தந்தது. ஸ்லாட் (ஸ்பெல் போடும் வாய்ப்பு) செலவே கிடையாது. அந்த இழப்பு இழப்புதான்.

ஆனால் க்யூர் வூண்ட்ஸ் என்ற ஆற்றும் ஸ்பெல்லைப் பாருங்கள். முன்பு ஒரு எட்டுமுகப் பகடை, இப்போது இரண்டு. உங்கள் +3-ஐச் சேர்த்தால் சராசரி 7.5 என்பது 12 ஆகிறது. இரண்டாம் லெவல் ஸ்லாட்டில் 12 என்பது 21. ஹீலிங் வேர்ட் 5.5-லிருந்து 8. ஓகர் என்ற அரக்கனின் ஒரு அடி சராசரி 13. பழைய க்யூர் வூண்ட்ஸ் அதற்கு ஈடுகொடுக்கவில்லை; அதனால்தான் ஆள் விழும்வரை காத்திருந்து ஹீலிங் வேர்டால் எழுப்பும் பழக்கம் வந்தது. இனி அதை விட்டுவிடுங்கள். விழுந்தவர் கையிலுள்ளதை நழுவவிடுவார், எழுந்து நிற்கப் பாதி வேகம் போய்விடும், எழுந்த கையோடு இன்னொரு அடி வாங்கினால் மறுபடி தரையில். முழு ஹிட் பாயின்ட் 28 உள்ள ஃபைட்டர் (போர்வீரர்) 10-க்கு இறங்கியதுமே இரண்டாம் லெவல் ஸ்லாட்டைப் போடுங்கள். பெரும்பாலும் முழுசாக ஏறிவிடுவார். ஓகரின் சராசரி அடி இரண்டைத் தாங்குவார்.

தினமும் மாற்ற முடியாது. புது விதியில் பார்டின் ஸ்பெல்களுக்கும் ‘ப்ரிபேர்ட்’ (தயார் செய்தவை) என்றே எழுதியிருப்பதால் பல குழுக்கள் இங்கே தடுக்கி விழுகின்றன. லாங் ரெஸ்ட் என்ற நீண்ட ஓய்வுக்குப் பின் பட்டியலை மாற்றுவது கிளெரிக் என்ற பூசாரிப் பாத்திரம். பார்ட் லெவல் ஏறும்போது ஒன்றை மட்டும் மாற்றலாம். மூன்றாம் லெவலில் உங்களிடம் இருப்பது ஆறு ஸ்பெல். ஹீலிங் வேர்டைக் கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள்.

முகவீணை விஷயம். இசைக்கருவி ஈடுசெய்வது பொருள் தேவைப்படும் ஸ்பெல்லுக்குத்தான். ஹீலிங் வேர்டுக்கு வேண்டியது குரல் மட்டுமே. ஆகவே வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சொல்ல வேண்டும். ஒலியை அடக்கும் சைலன்ஸ் ஸ்பெல்லின் வட்டத்துக்குள் நின்றால் அதுவும் நடக்காது. க்யூர் வூண்ட்ஸுக்குக் குரலோடு கையசைவும் வேண்டும், ஆளைத் தொடவும் வேண்டும். ஒரு கையில் முகவீணை, மறுகையில் வாள் என்றால் முடியாது. ஒரு கை காலியாக இருக்கட்டும்.

சாங் ஆஃப் ரெஸ்டை வீட்டு விதியாகத் திரும்பச் சேர்க்காதீர்கள் என்பேன். பெருகிய ஆற்றுதலோடு அதுவும் சேர்ந்தால் ஹிட் பாயின்ட் பற்றிய பயமே போய்விடும். ஓய்வில் வாசிக்க ஆசையென்றால் மியூசிஷியன் என்ற ஃபீட் (சிறப்புத் திறன்) எடுங்கள். உங்கள் லெவலில் இரண்டு பேருக்கு ஹீரோயிக் இன்ஸ்பிரேஷன் (பகடையை மறுபடி உருட்டும் வாய்ப்பு) தரலாம்.

துணைவருக்குக் கூடுதல் பகடை தரும் பார்டிக் இன்ஸ்பிரேஷனும் இப்போது 10 நிமிடமல்ல, ஒரு மணி நேரம் நிற்கிறது. தோற்ற பிறகே பகடையை உருட்டினால் போதும். விழுந்தவர் உயிர் தப்ப உருட்டும் டெத் சேவுக்கும் செல்லும். அதில் 7 போட்டவர் ஆறுமுகப் பகடையில் 3 போட்டால் 10, அந்த உருட்டலில் தப்பித்தார். ஆனால் அவர் உங்களைப் பார்க்கவோ கேட்கவோ முடிகிறபோதே தந்திருக்க வேண்டும். எனவே முன்வரிசைக்காரருக்குச் சண்டையின் முதல் சுற்றிலேயே கொடுத்துவிடுங்கள்.