டிராஃப்டில் எடுக்கப்படாத சிறு கல்லூரி வீரர் என்எஃப்எல்லுக்குள் எப்படி நுழைகிறார்?

அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீக் என்எஃப்எல். அதன் 32 அணிகளும் ஆண்டுதோறும் ஏழு சுற்றுகளில் சுமார் 250 கல்லூரி வீரர்களை முறைவைத்து எடுத்துக்கொள்வதுதான் டிராஃப்ட். அதில் பெயர் வராதவரை எந்த அணியும் கூப்பிடலாம்.

சிறு கல்லூரிக்காரர்கள் ஏன் விடுபடுகிறார்கள்? எதிரணிகள் பலவீனம் என்பதால் திறமையை எடைபோடுவது கஷ்டம். தெருவில் டென்னிஸ் பந்தில் சதம் அடிப்பவரை ரஞ்சி அணிக்கு எடுக்கத் தயங்குவோம் இல்லையா, அதே கதை.

மால்கம் பட்லரைப் பாருங்கள். ஒரு கட்டத்தில் பொரித்த கோழிக் கடையில் வேலை பார்த்தவர். அப்புறம் இரண்டாம் பிரிவில் ஆடும் வெஸ்ட் அலபாமா பல்கலைக்கழகத்தில் கார்னர்பேக், அதாவது பந்து வாங்க ஓடுபவரை ஒட்டியே நின்று தடுப்பவர். 2014 டிராஃப்டில் யாரும் எடுக்கவில்லை. நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் சோதனை முகாமுக்கு அழைத்தது. அங்கே ஆடிக் காட்டி ஒப்பந்தம் வாங்கினார். 2015 பிப்ரவரி 1, லீக்கின் இறுதிப்போட்டியான சூப்பர் பௌல். எதிரணி சியாட்டில் எல்லைக்கோட்டிலிருந்து ஒரே ஒரு கஜம் தள்ளி நிற்கிறது, பந்தோடு அதைத் தாண்டினால் முன்னிலை, மிச்சம் அரை நிமிடம்கூட இல்லை. சியாட்டிலின் பந்தெறியும் வீரர் ரஸ்ஸல் வில்சன் எறிந்த பந்தைப் பட்லர் இடைமறித்துப் பிடித்தார். பேட்ரியாட்ஸ் 28-24 என வென்றது.

இதை வெறும் அதிர்ஷ்டம் என்கிறார்கள். ஆனால் அதே ஆட்ட அமைப்பில் அவர் பயிற்சியின்போது ஏமாந்திருந்தார். களத்தில் எதிரணி நின்ற விதத்தைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டு முந்திப் பாய்ந்தார்.