பிளஸ் டூ முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டாம்

கேள்வி: மகள் பிளஸ் ஒன் முடித்திருக்கிறாள். முப்படை அதிகாரிகளாகப் பயிற்சி தரும், புனே அருகே கடக்வாஸ்லாவில் உள்ள தேசியப் பாதுகாப்பு அகாடமிக்குப் பிளஸ் டூ மதிப்பெண் வந்தபின் விண்ணப்பித்தால் போதுமா?

போதாது. இந்த மே மாதமே விண்ணப்பியுங்கள். அதற்கு முன், பத்தாம் வகுப்புச் சான்றிதழில் என்ன பிறந்த தேதி இருக்கிறது என்று பாருங்கள்.

நான் ஐப்பசி அடைமழையில் பிறந்தவன். மன்னார்குடிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்ப் பள்ளியில் சேர்த்தபோது ஆசிரியர் ஜூன் 1 என்று எழுதிவிட்டார். வகுப்பில் பாதிப் பேருக்கு அதே பிறந்தநாள்தான்! ஒன்பதாம் வகுப்பில் மஞ்சள் காமாலையால் ஒரு வருடம் வீணானது. பிளஸ் டூ முடித்ததும் அப்பா, "மார்க் வரட்டும், பார்க்கலாம்" என்றார். மார்க் வந்து நான் விசாரிக்கப் போவதற்குள் கடைசி நாள் போய்விட்டது. டிசம்பரில் அடுத்த தேர்வுக்கு விண்ணப்பிக்கலாம் என்றால், அந்தப் பயிற்சி தொடங்கும் ஜனவரியில் எனக்குப் பத்தொன்பதரை வயது தாண்டி ஒரு மாதம் ஆகியிருக்கும். ஐப்பசிக் கணக்கில் வயது இருந்தது. அவர்கள் பார்ப்பது சான்றிதழை.

மத்திய அரசின் தேர்வாணையமான யுபிஎஸ்சி இந்த அகாடமிக்கான தேர்வை ஆண்டுக்கு இருமுறை நடத்துகிறது. மே வாக்கில் அறிவிப்பு வந்தால் செப்டம்பரில் தேர்வு, மறு ஜூலையில் பயிற்சி. டிசம்பர் அறிவிப்புக்கு ஏப்ரலில் தேர்வு, மறு ஜனவரியில் பயிற்சி. பயிற்சி தொடங்கும்போது வயது பதினாறரைக்கும் பத்தொன்பதரைக்கும் இடையில் இருக்க வேண்டும். பிளஸ் டூ படித்துக்கொண்டே எழுதலாம். 2021 முதல் பெண்களும் எழுதுகிறார்கள்.

செப்டம்பருக்குள் கணக்குப் பாடம் பாதிதான் முடிந்திருக்கும். இருந்தாலும் எழுதட்டும். கணக்கு 300, பொது அறிவும் ஆங்கிலமும் 600; தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு கழியும் என்பது அந்த அறையில் உட்கார்ந்தால்தான் உறைக்கும். உயிரியல் எடுத்துக் கணக்கை விட்டிருந்தால் சிரமம்தான். தரைப்படைக்கு எந்தப் பிரிவும் போதும் என்றாலும் கணக்குத் தாள் எல்லோருக்கும் உண்டு. விமானப்படை, கடற்படை வேண்டுமானால் இயற்பியல், வேதியியல், கணிதம் படித்திருக்க வேண்டும்.

கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான். அதைவிடப் பெரிய தடை எஸ்எஸ்பி என்னும் ஐந்து நாள் நேர்முகத் தேர்வு. அதற்குத் தனியாக 900 மதிப்பெண். பட்டப்படிப்புக்குப் பிறகு, பட்டதாரிகளுக்கான ராணுவ அதிகாரித் தேர்வான சிடிஎஸ் எழுதி, நான் எஸ்எஸ்பிக்காகப் பெங்களூர்வரை போனேன். மங்கலான படத்தைக் காட்டிக் கதை சொல்லச் சொன்னார்கள். கதை இருந்தது, ஆங்கிலம் வாயில் வரவில்லை. முதல் நாளே பெட்டியைக் கட்டினேன். பயிற்சி மையத்துக்குக் கட்டும் பணத்தைவிட, இந்தக் கோடையிலிருந்து வீட்டில் தினமும் அரை மணி நேரம் அவளை ஆங்கிலத்தில் பேச வைப்பது பயன்படும்.

தேர்வு மையத்தை முந்தி விண்ணப்பிப்பவருக்கே முதலில் ஒதுக்குகிறார்கள். மேட்டூர் எப்போது திறப்பார்கள் என்று ஊரே பேசிக்கொண்டிருக்கும் வாரங்களில்தான் கடைசித் தேதியும் வரும், அதுவரை இழுக்காதீர்கள்.